பதினாறாம் நாள் கல்

என் மனைவி எனக்காகப் பொறுக்கிக்கொண்டு வந்தது ஒரே ஒரு கல். அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ஆகாது என்று ஒதுக்கிவிட்டேன். அந்தக் கல்லைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எழுதினால் மனம் லேசாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டாயிற்று, ஒன்றும் லேசாகவில்லை.

எங்கள் வீடு கோத்தா திங்கியில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், இருக்கிறது. எனக்கு வேலை பாசீர் கூடாங்கில், இரும்புச் சாமான் செய்யும் தொழிற்சாலையில். வெட்டியெடுத்த இரும்புத் துண்டுகளின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அவற்றைப் பெரிய உருளையில் கொட்டி, தண்ணீரும் அரைக்கும் கற்களும் சேர்த்து மணிக்கணக்கில் சுற்றவிட்டால் ஒன்றோடொன்று உரசிப் பிசிறு போய்விடும். இருபத்திரண்டு வருடம் அந்த உருளைகளுக்குப் பக்கத்தில் நின்றதில் என் காது பாதி மந்தம். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பின்னால் இது எனக்கு ஒரு சாக்காக உதவியது.

மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்றானது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து அவளை அழைத்துப் போய் நாற்காலியில் சாய்த்துவிட்டால் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அவள் ரத்தம் குழாயில் ஓடிவந்து சின்னச் சக்கரத்தில் சுற்றிச் சுற்றித் திரும்பிப் போகும். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது. அதனால் கைப்பேசியைப் பார்ப்பேன். அப்படித்தான் ஒரு நாள் வீடியோவில் ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் ரப்பர் டப்பா ஒன்றைச் சுற்றவிட்டு, சாதாரணக் கூழாங்கற்களைப் பளபளவென்று வெளியே எடுப்பதைப் பார்த்தேன். முதலில் சிரிப்புதான் வந்தது. நான் பிழைப்புக்குச் செய்வதை இந்த மனிதர் பொழுதுபோகாமல் செய்கிறாரே என்று நினைத்தேன். அடுத்த மாதம் அதே மாதிரி மெஷின் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

வேலை எளிதுதான். முக்கால் டப்பா கல், கரகரப்பான அரைபொடி, கல் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். மூடி இறுக்கி, மோட்டார்மேல் படுக்க வைத்தால் ஒரு வாரம் இரவு பகலாகச் சுற்றும். பிறகு திறந்து, சுத்தமாகக் கழுவி, அதைவிட மென்மையான பொடி போட்டு இன்னொரு வாரம். பிறகு இன்னும் மென்மையானது. கடைசியில் பாலிஷ் பொடி. ஒரு கல் மினுங்க ஒரு மாதம் ஆகும், அதற்குள் அது கால்வாசி தேய்ந்துபோயிருக்கும். தேய்ந்ததெல்லாம் சாம்பல் நிறச் சேறாக டப்பாவின் அடியில் தங்கும். சேறு என்று லேசாக நினைக்கக் கூடாது, நின்றால் சிமெண்டு போல இறுகிவிடும். முதல் தடவை அதைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றிக் குழாயை அடைத்து, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதன் பிறகு வீட்டின் பின்பக்கம், வேலிக்கும் லோங்காங்குக்கும் நடுவில், ஒரு குழி தோண்டி அதில்தான் கொட்டுவேன். லோங்காங் என்றால் எங்கள் ஊரில் சாக்கடைக் கால்வாய்.

"மத்த வூட்டு ஆம்பளைங்க மீன் வளக்குறாங்க, புறா வளக்குறாங்க. எனக்கு வாச்சவரு கல்லு வளக்குறாரு" என்று டயாலிசிஸ் நர்ஸிடம் அவள் சொல்லுவாள். நர்ஸ் சிரிக்கும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையடி ஓடைகளில் இறங்கிக் கல் பொறுக்குவேன். பின்கட்டில் ஒரு பெயிண்ட் வாளி நிறையக் கல் சேர்ந்தது.

ஒரு தீபாவளிக்கு அவள் அம்மா வீட்டுக்கு, லாபிஸுக்குப் போயிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை வேலைக்காகக் கொட்டிய மண்மேடு இருந்தது. அவள் அப்போதே பத்தடி நடந்தால் நிற்பாள். அவள் அந்த மேட்டுக்குப் போனதும் ஏறியதும் குனிந்ததும் எனக்குத் தெரியாது. நான் உள்ளே மச்சானோடு, அதாவது அவள் தம்பியோடு, உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தேன். வீடு திரும்பிய பிறகு கைப்பையிலிருந்து டிஷ்யூவில் சுற்றிய எதையோ எடுத்து நீட்டினாள். கோழிமுட்டை அளவு, செங்கல் நிறம், நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு.

"இது நல்லா வருமா பாருங்க."

கல்லைத் தண்ணீரில் நனைத்துத் துணியால் துடைத்து வைத்தேன். நல்ல கல் ஒரே மாதிரி காயும். கீறல் இருந்தால் அந்த இடம் மட்டும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கருப்பாக நிற்கும். வெள்ளைக் கோட்டை ஒட்டியே மயிரிழை போல ஒரு கருப்புக் கோடு நின்றது.

"ஆகாது. உள்ளுக்குள்ள கீறல் இருக்கு. சுத்த வுட்டா ஒடஞ்சி, மத்த கல்லையும் கெடுத்துரும்."

"போட்டுத்தான் பாருங்களேன்."

"சொன்னா கேளு லா. இது ஒனக்குத் தெரியாது."

"சரி, வச்சிருங்க" என்றாள். நான் அதை வாளியில் போட்டேன். டொக்கென்று விழுந்தது. அவள் இன்னொரு கல் கொண்டுவரவில்லை.

மறு வருடம் அவள் உடம்பு கைவிட ஆரம்பித்தது. மாமியார் லாபிஸ் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து தங்கினார். மச்சானுக்குச் சிங்கப்பூரில் வேலை, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான். படியேற முடியாது என்பதால் மனைவிக்குக் கீழே, ஹாலில், கட்டில் போட்டோம். ஹாலுக்கும் பின்கட்டுக்கும் நடுவே ஒரு சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால் என் மெஷின்.

அவளுக்கு எல்லாம் அளவு. உப்பு கூடாது, வாழைப்பழம் கூடாது, தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு கிளாஸ்தான். மாமியார் மகளுக்குத் தண்ணீர் அளந்து கொடுத்துவிட்டு மிச்சக் கிளாஸை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, அது கரைந்து முடியும்வரை அவள் யாரோடும் பேசமாட்டாள்.

கடைசி வாரத்தில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் மாமியார் பக்கத்தில் இருந்தார்.

"என்னங்க, அந்தச் சத்தத்தக் கொஞ்சம் நிப்பாட்டுங்களேன். மண்டைக்குள்ளயே சுத்துது."

"அவ்வளவா கேக்குது? எனக்குக் கேக்கலியே" என்றேன் முதல் தடவை. இரண்டாம் தடவை டப்பாவுக்கு அடியில் பழைய துண்டை மடித்துப் போட்டேன். மூன்றாம் தடவை எரிச்சலாகிவிட்டது. "நடுவுல நிப்பாட்டுனா சேறு எறுகிப் போயிரும். இன்னும் நாலு நாளுதான், பொறுத்துக்க" என்றேன்.

நாலாம் நாள் காலையில் அவள் போய்விட்டாள். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சாவு வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கியதும், நிற்கும் காற்றாடிக்குப் பிளக் வேண்டும் என்று யாரோ பின்கட்டுக்குப் போய் என் மெஷினைப் பிடுங்கினார்கள். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது, அந்த வீட்டில் எவ்வளவு சத்தம் இருந்திருக்கிறது என்று. அவள் கேட்ட அமைதி அவள் போன அரை மணி நேரத்துக்குப் பிறகு கிடைத்தது. நான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் அழுகிறேன் என்று வந்தவர்கள் முதுகைத் தடவினார்கள். பாதிதான் துக்கம், மீதி வெட்கம்.

எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. எரித்துச் சாம்பலை ஆற்றில் விட்ட பிறகும், போனவர் உடனே போவதில்லை. ஒரு கல்லை எடுத்து வீட்டு மூலையில் நெல்மேல் வைத்து, அதில் அவரை இருத்துவார்கள். பதினாறு நாள் அந்தக் கல்லுக்குத்தான் குளியல், சாப்பாடு, விளக்கு. பதினாறாம் நாள் காலையில் கல்லைக் கொண்டுபோய் ஆற்றில் விட வேண்டும். கல் தண்ணீருக்குள் போனால்தான் அவர் கிளம்புவார், இல்லாவிட்டால் தங்கிவிடுவார் என்பது நம்பிக்கை. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இருந்தது கிடையாது. மாமியாருக்கு இருந்தது.

சடங்கு செய்து வைக்க வந்த பூசாரி, "கல்லு ஒண்ணு கொண்டாங்க" என்றார்.

மச்சான் எழுந்தான். "அலமாக், எங்க மாமா வூட்டுல கல்லுக்கா பஞ்சம்" என்று அழுத கண்ணோடு சிரித்தபடி பின்கட்டுக்குப் போனான். வாளியில் கையை விட்டு, அளவாக இருக்கிறதே என்று ஒன்றை எடுத்து வந்தான். செங்கல் நிறம், நடுவில் வெள்ளைக் கோடு. வேண்டாம், வேறு எடு என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. அதற்குள் பூசாரி அதைக் கழுவி மஞ்சள் பூசிவிட்டார்.

பதினாறு நாளும் மாமியார்தான் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டார். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டுவார், ஊற்றுமுன் தன் முழங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பார். பால் ஊற்றுவார். மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பார், சுமங்கலியாய்ப் போனவள் என்பதால் பூவும் உண்டு. பிறகு இட்டிலியும் சாம்பாரும் வைத்து, ஒரு பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் வைப்பார்.

"உப்புப் போட்டுத்தான் ஆக்கியிருக்கேன், சாப்புடு. இனிமே ஒன்ன யாரும் அளக்க மாட்டாங்க. வேணுங்கிற மட்டும் தண்ணி குடிடி."

அதைக் கேட்டபடி நான் படியில் உட்கார்ந்திருப்பேன். அந்தக் கல்லை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அவள் மேட்டில் ஏறி, மூச்சு வாங்கி, குனிந்து எடுத்த கல். போட்டுத்தான் பாருங்களேன் என்றாள், அதற்குக்கூட நான் மனம் இறங்கவில்லை. இதையும் ஆற்றில் விட்டுவிட்டால் அவளுக்குச் செய்யாதது செய்யாததாகவே போய்விடும் என்று தோன்றியது. இப்போது எழுதும்போது இது பெரிய அன்பு போலத் தெரிகிறது. அன்று அதில் பாதிக்கு மேல் பிடிவாதம். எதைத் தொட்டாலும் அதைத் தேய்த்து மினுக்கிவிடலாம் என்கிற தொழிற்சாலைப் புத்தி.

பதினாறாம் நாள் விடிந்ததும் வாளியிலிருந்து ஏறக்குறைய அதே அளவில் ஓடைக்கல் ஒன்றை எடுத்து, வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டேன். ஆற்றங்கரையில் எல்லாச் சடங்கும் முடிந்தது. கொள்ளி வைத்தவன் நான் என்பதால் நான்தான் கல்லோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்க வேண்டும். ஆற்றுக்கு முதுகு காட்டி, தோளுக்கு மேலாகக் கல்லைப் பின்னால் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும். கரையில் நிற்பவர்களும் பார்க்கக் கூடாது, எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருடுவதற்கு இதைவிட வசதியான இடம் இருக்க முடியாது. ஓடைக்கல்லைத் தண்ணீரில் போட்டேன். அவள் கல்லை மடியில் முடிந்துகொண்டேன். கரையேறும்போது மாமியார் தண்ணீர் விழுந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பியபடியே இரண்டு கையையும் கூப்பி, "போயிட்டு வாடி, கண்ணு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டப்பாவைத் திறந்தேன். பதினாறு நாள் நின்றதில் உள்ளே எல்லாம் ஒரே கட்டியாக இறுகியிருந்தது. நான் அவளிடம் சொன்னது உண்மைதான், நிறுத்தினால் இறுகிவிடும். அந்தக் கட்டியை உளியால் தட்டிப் பெயர்க்க எனக்கு இரண்டே மணி நேரம்தான் பிடித்தது. இரண்டு மணி நேர வேலை. அதை மிச்சப்படுத்தத்தான் நான் அவளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.

அவள் கல்லைச் சுற்றிலும் மென்மையான சின்னக் கற்களை நிரப்பினேன், அடி படாமல் இருக்கட்டும் என்று. பொடி போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடி, சுவிட்சைத் தட்டினேன்.

மாமியார் மூன்று நாளில் லாபிஸுக்குத் திரும்புவதாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் காலை காப்பி குடிக்கும்போது சொன்னார்.

"மாப்புள, அவ கனவுல வந்தா. தலைய சுத்துது, தலைய சுத்துதுன்னு சொல்றா. கையப் புடிக்கப் போனா நிக்க மாட்டேங்கிறா."

நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். டயாலிசிஸ் முடிந்து எழும்போதெல்லாம் மனைவிக்குத் தலை சுற்றும். பெற்றவர் மனதில் அது தங்கியிருக்காதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பின்கட்டில் டப்பா சுற்றிக்கொண்டிருந்தது.

மாமியார் பயணத்தைத் தள்ளிப்போட்டார். வாரம் முடிந்து டப்பாவைத் திறந்தேன். கல் கொஞ்சம் சிறுத்து, முனைகள் வளைந்து, வெள்ளைக் கோடு பளிச்சென்று எழுந்திருந்தது. உடையவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நீங்கள் என்னை மதிக்க மாட்டீர்கள். வாசல் பக்கம் திரும்பி, "பாத்தியா, நல்லா வருது" என்று வாய்விட்டே சொன்னேன். சேற்றைக் குழியில் கொட்டிவிட்டு மறுபடியும் சுற்றவிட்டேன்.

இரண்டாவது வாரம் கனவு மாறியது. "தண்ணி கேக்குறா மாப்புள. தண்ணிக்குள்ளயே நின்னுக்கிட்டு தண்ணி கேக்குறா." அதற்குப் பிறகு மாமியார் சோறு சாப்பிடுவதை நிறுத்தினார். காலையில் கருப்புக் காப்பி, சாயங்காலம் இரண்டு பிஸ்கட். கெஞ்சினேன், அதட்டினேன். "எம்புள்ள தாகத்தோட நிக்கிறா, எனக்கு எப்படி எறங்கும்?" என்றார். சிங்கப்பூரிலிருந்து மச்சான் தினமும் கூப்பிட்டு, "மாமா, அம்மா சாப்புட்டாங்களா?" என்று கேட்பான். சாப்பிட்டார்கள் என்று சொல்லுவேன். மாமியார் கையில் வளையல் முழங்கைவரை வழுக்கிப் போனது.

ஒரு நாள் பூசாரியை வீட்டுக்கே வரவழைத்துவிட்டார். அவர் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"காரியத்துல ஏதோ கொற இருக்கு. கல்லு தண்ணியில நல்லாத்தான வுழுந்துச்சு?"

மாமியார் என் முகத்தையே பார்த்தார்.

"வுழுந்துச்சு" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையில் ஒரு தாயின் பட்டினியை நான் நீட்டித்தேன். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும், இன்னும் ஒரு வாரம், பாலிஷுக்கு முந்தின கட்டம் மட்டும் முடியட்டும், பிறகு சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மனைவியிடம் சொன்ன அதே நாலு நாள் பேச்சுதான். நான் மாறவே இல்லை.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை காலை. பின்கட்டில் குந்தி உட்கார்ந்து மூடியைத் திறந்து, எல்லாவற்றையும் சல்லடையில் கவிழ்த்துத் தண்ணீர் விட்டேன். சின்னக் கற்கள் கழுவிக்கொண்டு வந்தன. செங்கல் நிறத்தில் ஒரு துண்டு வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒன்று. வெள்ளைக் கோட்டை ஒட்டி, நான் சொன்ன அதே இடத்தில், சொன்ன மாதிரியே உடைந்திருந்தது. தொழிலில் நான் சொன்னது தப்பியதே கிடையாது.

துவைத்த துணி வாளியோடு மாமியார் வந்து நின்றதை என் காது சொல்லவில்லை. நிழல் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, சல்லடையைப் பார்த்தார். பதினாறு நாள் அந்தக் கல்லைக் குளிப்பாட்டியவர் அவர். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார். எந்தத் துண்டுகள் என்று நான் காட்ட வேண்டியிருக்கவில்லை. அத்தனை கற்களுக்கு நடுவில் மூன்றையும் சரியாகப் பொறுக்கினார்.

"இது எம்புள்ள கல்லு."

"அத்தே..."

"ஆத்துல போட்டது என்னா?"

"வேற கல்லு அத்தே."

நான் காரணம் சொல்ல ஆரம்பித்தேன். லாபிஸ் மண்மேடு, டிஷ்யூ, போட்டுத்தான் பாருங்களேன் என்றது, எல்லாம் உளறினேன். அவர் அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. மூன்று துண்டையும் உள்ளங்கையில் வைத்து ஒன்றோடொன்று பொருத்திக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோடு சேர்ந்தது. ஆனால் சேர்ந்த கல் முன்போல உள்ளங்கையை நிறைக்கவில்லை. அவர் கையைக் கொஞ்சம் மேலும் கீழும் ஆட்டி எடை பார்த்தார்.

"இவ்வளவுதானா? அன்னைக்கு கை நெறைய இருந்தாளே. மீதி எங்க?"

"தேஞ்சி போச்சு அத்தே."

"தேஞ்சது எங்க போச்சு?"

அதுவரை எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. சத்தியமாக வரவில்லை. மூன்று வாரமாக நான் அவளைப் பிடித்து வைத்திருப்பதாக நினைத்திருந்தேன். வாரா வாரம் அவளில் கொஞ்சம் அள்ளிக்கொண்டுபோய்ச் சாக்கடை ஓரத்தில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வேலியோரக் குழியை நோக்கிக் கையை நீட்டினேன்.

மாமியார் வேலியோரம் போனார். குழிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். வருடக்கணக்கில் நான் கொட்டிய சேறு அதற்குள் அடுக்கடுக்காக இறுகியிருந்தது. அவர் நகத்தால் சுரண்டினார், வரவில்லை. நான் ஓடிப்போய் உளியைக் கொண்டுவந்து பெயர்த்தேன். சாம்பல் நிறக் கட்டிகள் வந்தன. ஓடைக்கல் சேறு, மலைக்கல் சேறு, பொடி, அவள் கல். எல்லாம் ஒரே நிறம்.

ஒரு கட்டியைக் கையில் எடுத்து அவர் கேட்டார். "இதுல எது மாப்புள அவ?"

மேலே இருக்கும் அடுக்குதான் கடைசியாகக் கொட்டியது என்று மட்டும் சொன்னேன். மழையில் எவ்வளவு லோங்காங்குக்குள் போனதோ தெரியாது என்பதைச் சொல்லவில்லை. அவர் முந்தானையை விரித்து மேல் அடுக்குக் கட்டிகளை ஒவ்வொன்றாக அதில் எடுத்து வைத்தார். அழவில்லை. அழுதிருந்தால், திட்டியிருந்தால், எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

அன்று மதியமே ஆற்றுக்குப் போனோம். காரில் அவர் மடியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் மூன்று துண்டுகளும் சேற்றுக் கட்டிகளும். ஆற்றில் தண்ணீர் ஏறி, கலங்கி, வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றினேன்.

"நீங்க வேணாம்" என்றார்.

"தண்ணி இழுக்குது அத்தே. நான் எறங்குறேன்."

"நீங்க வேணாம் மாப்புள. அங்கயே நில்லுங்க. திரும்பிக்குங்க."

நான் கரையில் ஆற்றுக்கு முதுகு காட்டி நின்றேன். எதிரே கார் நிறுத்துமிடம், ஒரு நாசி லெமாக் சோற்றுக் கடை, ஒரு பூனை. பின்னால் அவர் தண்ணீரில் இறங்குவது கேட்டது. டின் மூடி திறப்பது கேட்டது. என் மந்தக் காதுக்கு அன்று எல்லாம் கேட்டது. கல் விழுந்தது மூன்று தடவை. பிறகு கட்டிகள், எண்ண முடியாமல். பிறகு டின்னை ஆற்றில் அலசி அலசி ஊற்றும் சத்தம், ஒட்டியிருந்ததும் போகட்டும் என்று.

"குடி, கண்ணு. நல்லா குடி" என்றார் தண்ணீரிடம்.

கரைக்கு ஏறாமல், தண்ணீரில் நின்றபடியே, கோபமில்லாத குரலில் என்னிடம் பேசினார். மனைவி சத்தத்தை நிறுத்தச் சொன்ன அந்த மூன்று தடவையும் பக்கத்தில் இருந்து கேட்டவர் அல்லவா.

"அவ கேட்டப்பவே நிப்பாட்டியிருக்கலாம் மாப்புள."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். அன்று அந்த வழக்கம் எனக்கு உதவியாக இருந்தது.